தீக்கு விட்ட தெரு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்பவர்களும் உள்ளே வாருங்கள். வெளியே காற்று அடிக்கிறது, என் குரல் அவ்வளவு தூரம் எட்டாது. உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். இன்னும் வராத காலத்துக் கதை. ஆனால் வரவே வராது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நடுவில் மனசு கனத்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நெருங்கி உட்காரச் சொன்னதே அதற்குத்தான்.

மஞ்சம்பாறை என்று ஒரு மலையூர் இருந்தது. காப்பி, ஆரஞ்சு, மலைவாழை, நாற்பத்தொரு வீடு. ஒரு பங்குனி மாதம் மேற்குச் சரிவின் காய்ந்த புல்லில் பிடித்த தீ, முக்கால் மணி நேரத்தில் அத்தனை வீட்டையும் தின்றுவிட்டுப் போனது. செத்தவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் தப்பித்து ஓடும்போது தார்ரோட்டில் விழுந்தார்கள். பதினொன்றாவது சீனியம்மா, பஸ் கண்டக்டர் சோலைமலையின் மனைவி. அவள் உடம்பு கிடைக்கவில்லை. சல்லடை போட்டுச் சலித்தும் ஒரு வளையல் துண்டுகூட அகப்படவில்லை.

அந்த ஊருக்கு வீட்டுப் புரோக்கர் குருவம்மா. ஐம்பத்திரண்டு வயது. நாற்பத்தொரு வீட்டில் முப்பது அவள் கைபட்டுக் கைமாறியவை. அவளுக்கென்று சொந்த வீடு கிடையாது. ஊருக்குக் கீழே, தீ எட்டாத பஸ் ஸ்டாண்டு டீக்கடை மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். அதனால்தான் தப்பினாள்.

தீக்குப் பிறகு எல்லாரும் தகரக் கொட்டகைக்குப் போனார்கள். பத்திரம் எரிந்துவிட்டது, எல்லைக்கல் வெடித்துவிட்டது. எது யார் மனை என்று கேட்டால் சாம்பல் பதில் சொல்லுமா? குருவம்மா சொன்னாள். எந்த வீட்டு மூலையில் எந்தப் பட்டர் ஃப்ரூட் மரம், யார் வீட்டுச் சுவர் யார் மனைக்குள் ஒரு முழம் புகுந்தது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பத்திர ஆபீசில் நகலுக்கு வரிசையில் நின்றாள். பட்டா வாங்கித் தந்தாள். வில்லங்கச் சான்றுக்கு மலைக்கும் கீழுக்கும் நடந்து செருப்பைத் தேய்த்தாள். தரகு என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. "புரோக்கருக்குள்ளயும் ஒரு மனுசி இருந்திருக்காடோய்" என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவளும் சிரித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஊரைத் திரும்பக் கட்டச் சர்க்காரிலிருந்து ஜெனிட்டா வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், இன்ஜினியர். ஒரு பெட்டி நிறைய கம்ப்யூட்டரும் வண்டு மாதிரிப் பறக்கும் ஒரு கேமராவும் கொண்டுவந்திருந்தாள். ஊர்க்காரர்கள் அந்தக் கம்ப்யூட்டருக்குக் 'கணக்கன்' என்று பேர் வைத்தார்கள்.

"தீய நிறுத்த முடியாதுக்கா," என்றாள் ஜெனிட்டா. "இனிமே மூணு வருசத்துக்கு ஒருக்கா வரத்தான் செய்யும். ஆனா அது எங்க போகணும்னு நாம சொல்லலாம்."

"சொன்னா கேக்குமா பாப்பா? என் புருசனே கேக்கல."

ஜெனிட்டா சிரித்துவிட்டாள். "தீ தானா ஓடாதுக்கா. காத்து இழுத்துட்டுப் போகுது. அந்தக் காத்துக்கு நாம தெருவால வாய்க்கா வெட்டுறோம். இந்த மூணாவது தெரு இருக்குல்ல, மேற்க இருந்து நேரா வந்து பதினேழாம் மனையில முட்டும். அந்த வீட்டுக் கூரை சறுக்குப்பலகை மாதிரி இருக்கும். தீ அதுமேல ஏறி, பின்னாடி மொட்டப்பாறையில விழுந்து அவிஞ்சிடும். சங்கு ஊதுனதும் எல்லாரும் கதவச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ளயே இருக்கணும். வெளிய ஓடுனாத்தான் சாவு. உள்ள இருந்தா ஒரு சொட்டு வேர்வை வராது."

"பதினேழாம் வீட்டுக்காரனுக்கு?"

"அவங்களுக்கும்தான். கணக்கன் ஒரு சாண் பிசகாமப் போட்டு வச்சிருக்கு."

ஒரே ஒரு நிபந்தனை. நாற்பத்தொரு குடும்பமும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் திட்டம் வேறு மலைக்குப் போய்விடும். மனை பிரிப்பது சீட்டுக் குலுக்கலில். பதினேழாம் மனை சோலைமலைக்கு விழுந்தது.

சோலைமலை வரைபடத்தைப் பார்த்தார். தெரு நேராக வந்து வாசலில் இடிக்கிறது. உங்களுக்குத் தெரியும், நம் ஊர்களில் அதைத் தெருக்குத்து என்பார்கள். அப்படிப்பட்ட மனையில் குடியேறினால் குடும்பத்தில் ஓர் உயிர் போகும் என்று பேச்சு. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"குருவு, முப்பத்தோரு வருசம் விசில் ஊதுனவன் நான். எந்த வண்டியில ஏறலாம், எதுல ஏறக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். மாட்டேன்."

"அண்ணே, மிஷினு பாத்து..."

"மிஷினுக்குப் பொண்டாட்டி உண்டா? அவ சாம்பல்கூடக் கெடைக்காமப் போனாளா? ஒண்ணத் தொலச்சிட்டு நிக்கிறேன். இன்னும் எதக் குத்துறதுக்கு எனக்குத் தெருக்குத்து?"

கொட்டகையில் நாற்பது குடும்பமும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு மழைக்காலம் தகரத்தின் கீழ் நனைந்தவர்கள்.

தெருக்குத்து மனையை விற்பதற்குப் புரோக்கர்களிடம் ஒரு கைவித்தை உண்டு. தெரு முடிகிற இடத்தில் ஒரு பிள்ளையாரை உட்காரவைத்துவிட்டால் தோஷம் அவரோடு நின்றுவிடும். வாங்குகிறவன் மனசு ஆறிவிடும். குருவம்மா அப்படி எத்தனையோ மனையைத் தள்ளிவிட்டிருக்கிறாள். இதையும் அப்படியே செய்தாள். ஆனால் இந்த முறை விற்பதற்காக அல்ல, இரக்கத்தால். தன் கைக்காசில் கருங்கல் பிள்ளையார் வாங்கி, அவர் முதுகுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு, ஏழடி அகலத்துக்கு, பிறை மாதிரி வளைந்த ஒரு சுவரும் எழுப்பினாள்.

"ஜெனிட்டாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?" என்றான் கொத்தனார்.

"சாமிக்கு எதுக்குய்யா பிளான் அப்ரூவல்?" என்றாள் குருவம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

சோலைமலை பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வீடுகள் எழுந்தன. ஜெனிட்டா வேறு இரண்டு மலைக்கும் சேர்த்துப் பொறுப்பாக இருந்தாள். திட்டப்படி முடிந்தது என்று ஆபீசில் இருந்தபடியே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டாள். தை பிறந்ததும் வரிசையாகப் பால் காய்ச்சிக் குடியேறினார்கள்.

அதற்கப்புறம்தான் ஜெனிட்டா வண்டுக் கேமராவைப் பறக்கவிட்டுப் பார்த்தாள். அன்று மத்தியானமே டீக்கடை மாடி ஏறி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, அந்தச் சுவர யாரு கட்டினது?"

குருவம்மா சொன்னாள். ஜெனிட்டா போனைத் திருப்பிக் காட்டினாள். தெருக்களின் படம். மேற்கிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மூன்றாம் தெருவில் நேராக வந்தது. பிள்ளையார் சுவரில் பட்டது. இடப்பக்கம் வளைந்தது. ஒரு வீட்டின் முன்வாசலுக்குள் போய் நின்றது.

"இது எந்த வீடு?"

"இருபத்துமூணு."

"தவமணி வீடு," என்றாள் குருவம்மா. தவமணி, அவள் புருஷன் கந்தவேல், இரண்டு பெண்பிள்ளைகள். "சங்கு ஊதுனா உள்ளயே இருக்கச் சொன்னியே பாப்பா."

"ஆமாக்கா. அந்த வீட்டுக்குள்ள இருந்தா அடுப்புக்குள்ள இருக்கிற மாதிரி."

"இன்னொரு சுவரு வச்சுத் திருப்பு."

"திருப்பிப் பாத்துட்டேன். எங்க அடைச்சாலும் இன்னொரு வீட்டுக்குப் போகுது. தீக்கு ஒரு வழி வேணும்க்கா. நாம குடுத்த வழிய நீங்க அடைச்சிட்டீங்க. சுவர இடிக்கணும், இல்ல அந்த வீடு ஆளில்லாம இருக்கணும்." அவள் கண் கலங்கியது. "நான் எழுதி அனுப்பினா நாப்பத்தொரு வீட்டையும் சீல் வைப்பாங்க. எல்லாரும் மறுபடியும் கொட்டகை. நேர்ல பாக்காமக் கையெழுத்துப் போட்டவ நான்தான்."

"எப்ப வரும்?"

"மழை நல்லாப் பெஞ்சிருக்கு. புல்லு இடுப்பளவு நிக்குது. பங்குனி தாண்டாது."

அன்றிலிருந்து குருவம்மாவுக்கு ஒரே வேலை. பங்குனிக்குள் அந்த ஒரு வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

முதலில் சோலைமலையிடம் போனாள். சுவரை எடுத்துவிடலாமா என்று ஆரம்பிக்கும்போதே அவர் எழுந்துவிட்டார். "கும்பாபிஷேகம் பண்ணின சாமிய எடுக்கறதுன்னா மொதல்ல என்னய எடுத்துரு," என்றார்.

பிறகு தவமணியிடம் போனாள். "வீட்ட எனக்குக் குடுத்துரு ஆத்தா. எவ்வளவு கேட்டாலும் தாரேன்."

அங்கேதான் கதை கெட்டது, கண்ணுகளா. புரோக்கர் ஒரு வீட்டைத் தனக்கென்று கேட்டால் கேட்கிறவர் காதில் என்ன விழும்? தவமணி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் வீடு வாங்கிக் குடுத்தவ, முப்பது வருசமா ஒத்த ரூமுல கெடந்தவ, இப்ப என் வீட்டுக்கு மட்டும் நாக்கத் தொங்கப்போட்டுட்டு வந்திருக்கியே, என்ன வருது இங்க? ரோப்கார் ஸ்டேசனா?"

குருவம்மா உண்மையைச் சொன்னாள். சுவர், காற்று, சிவப்புக் கோடு, ஒன்றையும் மறைக்கவில்லை. ஜெனிட்டாவின் போனில் இருந்த படத்தையும் வாங்கிவந்து காட்டினாள்.

கந்தவேல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு. இதப் போட்டுக் குடுக்க அந்த இன்ஜினியர் பொண்ணுக்கு என்ன குடுத்தீங்க?"

"வாங்க வர்றப்ப வீட்டுல குத்தம் சொல்லுவ. விக்க வர்றப்ப கோயிலும்ப. உன் பொழப்பே அதானக்கா?" என்றாள் தவமணி. கோபம்கூட இல்லை, கேலிதான். "போ, காப்பி குடிச்சிட்டுப் போ."

ரோப்கார் பேச்சு ஊரெல்லாம் பரவியது. பங்கு போய்விடக் கூடாது என்று தவமணியின் தம்பிகள் இரண்டு பேரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு மேலே வந்து தங்கினார்கள். நாலு பேர் இருந்த வீட்டில் பத்துப் பேர் ஆனார்கள். குருவம்மா உண்மையைச் சொல்லச் சொல்ல அந்த வீடு நிரம்பியது.

மாசிக் கடைசியில் அவள் வேறு முடிவுக்கு வந்தாள். தன் தொழிலை எடுத்தாள்.

நல்ல புரோக்கர் எதையும் தானாகச் சொல்ல மாட்டாள். எதிராளியைத் தோண்டி எடுக்கவைப்பாள். குருவம்மா தவமணி வீட்டுக்குப் போனாள். காப்பி வந்தது. தொடவில்லை.

"ஏன்க்கா, சக்கரை பத்தலையா?"

"இல்லத்தா. வெளிய எங்கயாச்சும் குடிச்சிக்கிறேன்."

"என்ன ஒரு மாதிரி பேசுற?"

"ஒண்ணுமில்ல. இந்த அடுப்புல காய்ச்சுனது எனக்கு எறங்காது."

இழுத்தாள், மறுத்தாள், எழுந்து போகப் பார்த்தாள். தவமணி கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தபோது, தொண்டைக்குள்ளேயே சொன்னாள். மனையைச் சமன் செய்தபோது மண்வெட்டியில் எலும்பு வந்ததாம். பச்சைக் கண்ணாடி வளையல் துண்டும் வந்ததாம். வேலை நின்றுவிடும் என்று அப்படியே மூடி, மேலே அடுப்படியைக் கட்டினார்களாம். "சீனியம்மா உன் அடுப்புக்குக் கீழ இருக்கா. உன் பிள்ளைங்க மேல ஆணையா வெளிய சொல்லிராத."

உண்மைக்கு அசையாத வீடு மறுநாள் மத்தியானத்துக்குள் காலியானது. தம்பிகள் கீழே இறங்கினார்கள். தவமணி பாத்திரத்தோடு அக்கம்பக்கத்தில் ஒண்டினாள். குருவம்மா ஜெனிட்டாவுக்குப் போன் போட்டு, "ஒழிஞ்சது பாப்பா," என்று அழுதாள். வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்கு இரண்டு கவளம் சோறு இறங்கியது.

மூன்றாம் நாள் காலையில் சோலைமலை மாடிப்படி ஏறி வந்தார். முகம் மழித்திருந்தார். வேலைக்குப் போகிறவர் மாதிரி காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார்.

"சொல்லியிருக்கலாம்ல குருவு," என்றார். "ரெண்டு வருசமா எந்தப் பக்கம் பாத்துத் திதி குடுக்கறதுன்னு தெரியாம நின்னேனே. நூறு அடி தூரத்துல வச்சிக்கிட்டு."

 இதைக் குருவம்மா நினைக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் அது பயம். அவருக்கு மட்டும் அது சீனியம்மா.

"அண்ணே, அது பொய். அந்த வீட்டக் காலி பண்ண நான் சொன்ன பொய்."

சோலைமலை சிரித்தார். "பயப்படாத. மறச்சதுக்கு நான் போலீசுக்கெல்லாம் போக மாட்டேன். தவமணிகிட்டப் பேசிட்டேன். என் வீடு அவளுக்கு, அவ வீடு எனக்கு. நீதான் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிக் குடுக்கணும்."

அவள் மாட்டேன் என்றாள். அவர்கள் அவள் இல்லாமலே எழுதிக்கொண்டார்கள்.

பதினேழாம் வீட்டில் தவமணி குடும்பம் ஏறியது. இருபத்துமூன்றாம் வீட்டு அடுப்படியில் சோலைமலை பாய் விரித்தார். தினம் பூ வாங்கினார். அந்தப் பக்கம் போகிறவர்கள் அவர் பேசுவதைக் கேட்டார்கள். டிப்போக் கதை, டிரைவர் செய்த கூத்து, சில்லறை கேட்டுச் சண்டை போட்ட கிழவி. இரண்டு வருடம் பேசாமல் இருந்த மனுஷன் அவர். குருவம்மா தினமும் போய்க் கெஞ்சினாள். அவர் தினமும் காப்பி போட்டுக் கொடுத்தார்.

ஒரு நாள் உச்சிவெயிலில் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு பிள்ளையார் சுவருக்குப் போனாள். இரண்டு செங்கல் பெயர்ந்தது. தவமணி ஓடிவந்து கூந்தலைப் பிடித்தாள். ஊரே கூடிவிட்டது. "வீடு கெடைக்கலன்னு சாமியவே இடிக்க வந்துட்டா!" கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த இரண்டு செங்கலையும் அன்றே பூசிவிட்டார்கள். ஜெனிட்டா கடைசியில் வேலை போனாலும் போகட்டும் என்று எழுதி அனுப்பினாள். சித்திரைக்குப் பிறகு குழு வந்து பார்வையிடும் என்று பதில் வந்தது.

பங்குனி இருபது. மதியச் சாப்பாட்டு நேரம். ஜெனிட்டாவின் போன் வந்தது. "மேற்கு முகடு தாண்டிருச்சு. அரை மணி நேரம்கூட இல்லக்கா."

குருவம்மா ஓடினாள். நெஞ்சு அடைக்க ஏற்றம் ஏறி இருபத்துமூன்றாம் வீட்டுக்குள் போனபோது, சோலைமலை அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்கண்ணே. வருது."

"வரட்டும். போன தடவ நான் டிப்போவுல இருந்தேன். அவ மட்டும் தனியா இருந்தா."

"அவ இங்க இல்லண்ணே! என் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகட்டும். நான் சொன்னது பொய். எலும்பும் இல்ல, வளையலும் இல்ல. வெறும் மண்ணு." காலைப் பிடித்துக்கொண்டாள். "எந்திரிங்க."

அவர் அவளைப் பார்த்தார். இந்த முறை நம்பினார். நம்பியது அவர் முகத்தில் தெரிந்தது. கையில் இருந்த பூண்டைத் தட்டில் வைத்தார்.

"அப்ப அவ எங்க இருக்கா?"

சங்கு ஊத ஆரம்பித்தது. ஜன்னல் பழுப்பு நிறமானது.

"சொல்லு குருவு. எடத்த மட்டும் சொல்லு. நான் வந்துர்றேன்."

பொய் ஒன்று போதும், கண்ணுகளா. 'மொட்டப்பாறைக்குக் கீழ இருக்கா, வாங்க காட்டுறேன்' என்று ஒரு வார்த்தை. முப்பது வருடம் வாய் கூசாமல் இல்லாத தண்ணீரையும் வராத ரோட்டையும் காட்டி விற்றவள். ஆனால் உண்மையை இப்போதுதான் நம்பிய அந்த முகத்துக்கு முன்னால் அவளுக்கு நாக்கு புரளவில்லை.  

 அவர் அடுத்த பூண்டை எடுத்தார். "நீ போத்தா. கதவச் சாத்திட்டுப் போ."

தெருவில் நாலு எட்டுக்கு அப்பால் தெரியாத புகை. சுவரைத் தடவிப் பதினேழாம் வீட்டு வாசல் வரை வந்தபோது ஒரு கை அவளைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டது. தவமணி. பதினேழாம் வீட்டின் சின்னக் கண்ணாடித் துவாரம் வழியாகக் குருவம்மாவும் தவமணியும் பார்த்தார்கள். தீ மூன்றாம் தெருவில் ஆற்று வெள்ளம் போல நேராக வந்தது. சுவரில் பட்டது. யாரோ தோளைத் தொட்டுத் திருப்பிவிட்ட மாதிரி இடப்பக்கம் திரும்பியது. உள்ளே ஒரு சொட்டு வேர்வை இல்லை.

தவமணி அவள் கையை விடவே இல்லை. "அக்கா," என்றாள், "நீ சொன்னதெல்லாம் நெசமா?"

"எதக் கேக்குற ஆத்தா?" என்றாள் குருவம்மா.

நாற்பது வீடு நின்றது. பிள்ளைகள் வெளியே வந்து ஆடினார்கள். பிள்ளையாருக்கு அன்று சாயங்காலமே தேங்காய் உடைத்தார்கள். இருபத்துமூன்றாம் வீட்டில் சுவரும் கூரையும் இல்லை. சாம்பல் இடுப்பளவு கிடந்தது. மறுநாள் தாசில்தார் ஆபீசிலிருந்து ஒருவர் காகிதத்தோடு வந்தார். சாம்பலைக் கிளறிச் சட்டியில் எடுத்ததைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல ஒண்ணும் தெரியாது. உள்ள எத்தன பேரு இருந்தாங்க? கடைசியா உள்ள போய்ட்டு வந்தது யாரு?"

ஊர் குருவம்மாவைப் பார்த்தது. ஜெனிட்டாவும் பார்த்தாள்.

நேற்று வராத பொய் இன்று தானாக வந்தது.

"ரெண்டு பேருய்யா," என்றாள் குருவம்மா. "புருசனும் பொண்டாட்டியும்."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். ஒரே சட்டியில்தான் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள்.

அவ்வளவுதான், என் கண்ணுகளா. முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள், பிடித்த கையை இன்னும் கொஞ்ச நேரம் விடாதீர்கள். நீங்கள் போய்ச் சேருகிற வீட்டில் அடுப்பு அளவாக எரியட்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் எண்ணிப் பார்த்தால் ஒரு தலையும் குறையாமல் இருக்கட்டும். உங்களில் யாரும் யாரையும் 'எங்கே' என்று கேட்டு, பதில் இல்லாமல் நிற்கிற நாள் வராதிருக்கட்டும். பார்த்துப் போங்கள்.